டிராக்டர் மூக்கு தூக்குதா? உடனே கிளட்ச்சை மிதிங்க!

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் மலைச்சரிவு கம்மிதான். ஆனா ஏரிக்கரை இருக்கு, சேத்து வயல்லேர்ந்து ரோட்டுக்கு ஏறுற மேடு இருக்கு. டிராக்டர் கவிழ அது போதும்.

பின்சக்கரம் சேற்றில் சிக்கிச் சுத்த முடியாதபோது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால், இன்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிடும். ஒன்றரை விநாடியில் வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். குதிச்சுத் தப்பிக்கலாம்னு நினைக்கவே நேரம் இருக்காது. சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏத்துறது இன்னும் மோசம். கட்டை தரையில் ஊன்றிக்கிட்டா சக்கரம் சுத்தாது, வண்டிதான் சுத்தும்!

சிக்கினா ரிவர்ஸ்ல எடுங்க. வரலையா, இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்க. கயிறு கீழ்க் கொக்கியில்தான். மேலே கட்டினா இழுக்கிற வண்டியும் மல்லாக்கும். செங்குத்தான மேட்டில் காலி வண்டியை ரிவர்ஸ்லயே ஏத்துங்க.

சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களில் டிரைவரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. நம்ம ஊர்ல வெயிலுக்குப் போடுற கூரை அது இல்லீங்க, கவிழ்ந்தா அப்பளம்தான். சட்டம் இருந்தா சீட் பெல்ட் போடணும். இல்லைன்னா போடக் கூடாது.

மட்கார்டில் உட்கார்ந்து வர்ற நண்பருக்கு இது எதுவுமே கிடையாது. மேடு வந்தா மட்டும் இல்ல, எப்பவுமே அவரை ஏத்தாதீங்க.