முகூர்த்தப் பூவுக்கு ஓர் ஒப்பந்தம்

தை மாதக் கல்யாணத்துக்கு ஆவணியிலேயே மண்டபம் பிடித்துவிடுகிறோம். கையோடு பூ அலங்காரக்காரருக்கும் அட்வான்ஸ் போய்விடுகிறது. அன்றைக்கு அந்தக் கல்யாண மாலைக்கான மல்லிகை செடியில் மொட்டாகக்கூட இல்லை. அது என்ன விலைக்கு வரும் என்பதும் யாருக்கும் தெரியாது. சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ மல்லி, பனியில் விளைச்சல் சுருங்கும் மார்கழி, தையில் 3,000 ரூபாயைத் தாண்டுவது மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் புதிதல்ல. இன்னும் பூக்காத சரக்கை, தெரியாத விலையில் விற்றாக வேண்டிய தொழில் இது. எந்தச் சிக்கல் வந்தால் யார் தலையில் விழும் என்பதை நிதானமாக இருக்கும்போதே பிரித்து எழுதிவிடுவதுதான் பூ அலங்கார ஒப்பந்தம்.

பெரும்பாலும் நடப்பது என்ன? ‘ஸ்டேஜ் டெக்கரேஷன், மாலை இரண்டு ஜோடி, மொத்தம் இவ்வளவு’ என்று ஒரு கொட்டேஷன். கூடவே செல்போனில் ஒரு போட்டோ. அந்தப் போட்டோ எந்த நாட்டில், எந்தக் குளிரில் எடுத்ததோ! அதிலுள்ள பூவில் பாதி நம் ஊர்ச் சந்தைக்கு வருவதே இல்லை. ‘போட்டோவில் இருப்பது போலவே’ என்று எழுதிக் கொடுத்தவர் வம்பை விலைக்கு வாங்கிவிட்டார். பூவின் பெயரை விட அளவு, நிறம், அடர்த்தி இவற்றை எழுதுவது உத்தமம். இப்படி ஒரு பத்தி போதும்:

“மேடைப் பின்திரை 20 அடி அகலம், 10 அடி உயரம். வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்கள். பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்ப்பூ. மீதி துணியும் செயற்கை இலையும். ரோஜா கிடைக்காவிட்டால் அதே நிறத்தில் கார்னேஷன் அல்லது ஜெர்பரா வைக்கலாம். முகூர்த்த மாலையில் மட்டும் கேட்காமல் பூவை மாற்றக் கூடாது.”

கடைசி வரியைக் கவனியுங்கள். பின்திரையில் எந்தப் பூ இருந்தது என்பது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. மாலையில் சம்பங்கிக்குப் பதில் வேறொன்று வந்தால் பாட்டி பேரன் காதுகுத்து வரைக்கும் சொல்லிக்காட்டுவார்.

விலைக்கு வருவோம். மொத்தத் தொகை பேசி ஏற்றத்தை அலங்காரக்காரரே சுமப்பது ஒரு வழி. மல்லிச் சரத்தையும் உதிரிப்பூவையும் தனியாகப் பிரித்து, வாங்கும் நாளின் சந்தை விலைக்கு ரசீதோடு கணக்கிடுவது இன்னொன்று. எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில்: கிலோ இவ்வளவு வரை அலங்காரக்காரர் பொறுப்பு, அதற்கு மேல் ஆளுக்குப் பாதி. எதுவும் எழுதாமல் விட்டால் சட்டம் அலங்காரக்காரருக்குக் கைகொடுக்காது. ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த அலோபி பர்ஷாத் நிறுவனம், போர்க்காலத்தில் நிலைமை மாறிப்போனதைக் காட்டிக் கூடுதல் பணம் கேட்டது. பேசிய தொகைக்கு மேல் கிடையாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெய்க்குச் சொன்னது மல்லிக்கும் பொருந்தும்.

அடுத்தது நேரம். மல்லியை மொட்டாக விடியற்காலையில் பறிக்கிறார்கள். அன்று சாயங்காலமே அது விரிந்துவிடும். நம் கல்யாணங்களிலோ முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை ஆறு, ஏழு மணிக்கு முகூர்த்தம். இரவு மண்டபத்தில் ஏசியை அணைத்துவிடுவார்கள். காலையில் மேடைப் பூவை மாற்ற வேண்டுமா, தண்ணீர் தெளித்து ஒப்பேற்ற வேண்டுமா என்பது எழுதப்பட வேண்டிய விஷயம். மண்டபம் எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்பதும் அப்படியே. முந்தைய கல்யாணக்காரர்கள் கிளம்பத் தாமதமானால் ஐந்து மணி நேர வேலை இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கும். அந்தத் தாமதம் அலங்காரக்காரரின் தவறாகாது என்று ஒரு வரி அவசியம்.

‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பலரும் பிரம்மாஸ்திரம் என்று நம்புகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவு அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு வரைதான். ஆகவே காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும்: ‘இது முகூர்த்த நாள், இதற்காக வேறு ஆர்டர் எடுப்பதில்லை.’ பிறகு படிப்படியாக வைக்கலாம். மூன்று மாதம் முன்னால் ரத்தானால் சிறு பகுதி, ஒரு வாரம் முன்னால் என்றால் முழு அட்வான்ஸ். 2020 மார்ச் ஊரடங்கு போல அரசே தடுத்துவிட்டால் கதை வேறு. செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் 56ஆம் பிரிவின்படி செல்லாது. வாங்கியதைத் திருப்பித் தருவது பற்றி 65ஆம் பிரிவு பேசுகிறது. தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் புதிய தேதிக்குச் செல்லும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் இரு தரப்பும் சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்காது.

இதற்கெல்லாம் முத்திரைத்தாளைத் தேடி ஓட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி, எதிர்த்தரப்பு ‘சம்மதம்’ என்று பதில் போட்டாலும் ஒப்பந்தம்தான்; மின்னணு வழியில் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000.

உண்மையான தகராறு பிறக்கும் இடம் ஒன்று பாக்கி. கல்யாண வீட்டில் முதலாளிகள் ஏராளம். மாப்பிள்ளையின் சித்தப்பா வாசலில் நின்று, “தம்பி, இங்கேயும் ஒரு தோரணம் கட்டிடுங்க” என்பார். பெண்ணின் அத்தை தாம்பாளங்களுக்கு இரண்டு கூடை உதிரிப்பூ கேட்பார். மறுநாள் பில்லைப் பார்த்ததும், “இதை யார் சொன்னது?” என்பார் பெண்ணின் அப்பா. கூடுதல் வேலை சொல்லும் அதிகாரம் இன்னாருக்கு மட்டும், அதுவும் எழுத்தில் என்று அவர் பெயரையும் போன் நம்பரையும் போட்டுவிட வேண்டும். மீதித் தொகை முதல் நாள் மாலை, மேடை வேலை முடிந்து வீட்டார் பார்த்து ஒப்புக்கொண்டதும் என்று எழுதுவது நல்லது. தாலி கட்டி முடிந்த பிறகு, பணப்பை வைத்திருப்பவர் பந்தியில் இருப்பார், அல்லது ரயிலைப் பிடிக்கப் போயிருப்பார்.