சம்பளமில்லாப் பயிற்சி யாருக்குக் கட்டுப்படியாகும்?

"பயிற்சிக்கு வந்த பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு? சொல்லிக் கொடுப்பதே பெரிது!" இந்தப் பேச்சைக் கேட்காத பெற்றோர் குறைவு. அந்தக் காலத்தில் பட்டறைக்கும் தையல் கடைக்கும் எடுபிடியாகப் போன பையனிடமும் இதைத்தான் சொன்னார்கள். ஆனால், அவன் இரவில் வீட்டுக்கு வந்து அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டான்.

சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றில் ஒரே குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக் கொள்வோம். அண்ணன் மின்னியல் டிப்ளோமா, தங்கை தொடர்புத்துறை டிப்ளோமா. இருவருக்கும் கடைசித் தவணையில் தொழிற்பயிற்சி கட்டாயம்.

அண்ணனுக்குக் கவலை இல்லை. 1972-இல் இன்டெல் வந்திறங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை மோட்டாரில் போய்வரும் தூரம்தான். அங்குள்ள பெரிய தொழிற்சாலைகள் பயிற்சி மாணவருக்கு மாத அலவன்ஸ் கொடுப்பது வழக்கம். தங்கையின் நிலை வேறு. தொலைக்காட்சி, வானொலி, விளம்பர நிறுவனங்களில் பெரும்பாலானவை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அங்கே சிலர் போக்குவரத்துக்கு ஏதோ கொடுப்பார்கள். சிலர் அதுவும் இல்லை. அறை வாடகைக்கு 400 வெள்ளி, சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் 600 என்று சிக்கனமாகக் கணக்குப் போட்டாலும் மூன்று மாதத்திற்கு 3,000 வெள்ளி. கல்லூரிக் கட்டணம் தனி! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தலைநகருக்குப் போய்விடும். மற்ற பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவதோர் அலுவலகத்தில் நகலெடுத்துப் பயிற்சியை முடிக்கும். திறமை பேசும் முன்பே பணம் பேசிவிடுகிறது.

சட்டம் இங்கே துணைக்கு வருவதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பயிலுநர் ஒப்பந்தத்தையும் வேலை ஒப்பந்தமாகவே கருதுகிறது. ஆனால், பாடத்திட்டத்தின்படி கல்லூரி அனுப்பும் மாணவருக்கு அப்படி ஒப்பந்தம் கிடையாது. அவர் தொழிலாளியாகக் கருதப்படுவதில்லை. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமும் அவரைச் சேராது. அரசாங்கம் கட்டாயப்படுத்தாமல் ஆசை காட்டிப் பார்த்தது. 2012 முதல், குறைந்தது 10 வாரம் முறையான பயிற்சியும் மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத அலவன்ஸும் தரும் நிறுவனங்களுக்கு, அந்தச் செலவில் இரு மடங்கு வரிக்கழிவு என்றது. ஆனால், லாபம் பார்த்து வரி கட்டும் நிறுவனத்திற்குத்தான் இது இனிக்கும். கையைக் கடித்துக்கொண்டு ஓடும் சின்னத் தயாரிப்பு நிறுவனத்திற்கு அதில் என்ன இருக்கிறது?

பிற்கால வேலைக்கு எது உதவுகிறது? அமெரிக்காவில் கல்லூரிகளும் முதலாளிகளும் சேர்ந்த சங்கம் ஒன்று 2013-இல் பட்டதாரி மாணவர்களைக் கேட்டது. சம்பளத்தோடு பயிற்சி பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கு வேலை வாய்ப்பு வந்திருந்தது. சம்பளமில்லாமல் செய்தவர்களில் 37. பயிற்சியே செய்யாதவர்களில் 35! சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் வசதியான துறைகளில் இருப்பவை என்பதையும் இதில் கழித்துப் பார்க்க வேண்டும். என்றாலும், காசு கொடுப்பவர் அந்தக் காசுக்கு வேலை வாங்கப் பார்ப்பார். வேலை வாங்க வேண்டுமானால் கற்றுக் கொடுத்தாக வேண்டும். இலவசமாக வந்தவரைத் தேநீர் வாங்கி வர அனுப்பினாலும் யாருக்கும் நட்டமில்லை.

அதே அமெரிக்காவில், 'பிளாக் ஸ்வான்' படத்தயாரிப்பில் சம்பளமில்லாமல் உழைத்த இளைஞர்கள் 2011-இல் வழக்குப் போட்டார்கள். 2013-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, பயிற்சியால் அதிக நன்மை அடைவது மாணவரா நிறுவனமா என்று பார்க்கச் சொன்னது. நம் பெற்றோர்களும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

பட்டப்படிப்பு ஒன்றே வழி என்றும் இல்லை. 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும். அலவன்ஸும் உண்டு, முடிவில் மலேசியத் திறன் சான்றிதழும் உண்டு. பினாங்கில், தொழிற்சாலைகள் சேர்ந்து நடத்தும் திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் இயங்குகிறது. நம் வீடுகளில் இதை 'படிக்காத பிள்ளைக்கு' என்று ஒதுக்கி வைப்பதுதான் வேதனை.

தொடர்புத்துறைத் தங்கைக்கு இந்த வழி பொருந்தாது. அவர் கையெழுத்துப் போடும் முன் நான்கைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்: அலவன்ஸ் எவ்வளவு, யார் மேற்பார்வை, என்னென்ன வேலை, விபத்துக் காப்புறுதி கல்லூரியுடையதா நிறுவனத்துடையதா. கேட்டதற்கே முகம் சுளிக்கும் அலுவலகமாக இருந்தால், கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம் வேறு இடம் கேட்க அப்போதும் நேரம் இருக்கும்.