இதமான பாவனை விளையாட்டுகளின் முகப்புப் படம்: முதல், கரு, உரி என்னும் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இணையக் கடைகளில் விற்கப்படும் காணொளி விளையாட்டை வாங்குநர் முதலில் எதிர்கொள்வது அதன் முகப்புப் படத்தில்தான். பயிரிடுதல், சமைத்தல், வீட்டை ஒழுங்குசெய்தல் போன்ற அன்றாடச் செயல்களைப் போரின்றியும் பரபரப்பின்றியும் நிகழ்த்தச் செய்யும் இதமான பாவனை விளையாட்டுகளுக்கு இப்படத்தை அமைப்பது தனிச் சிக்கலாகும். மென்மை, நுண்விவரம், மோதலின்மை என இவ்வகைக்கு அழகு தரும் பண்புகளே சிறிய அளவில் படத்தை மறையச் செய்கின்றன. இச்சிக்கலின் காரணத்தையும் தீர்க்கும் முறையையும் ஸ்டீம் கடையின் நடைமுறையையும் தொல்காப்பிய முப்பொருள் பாகுபாட்டையும் துணைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முகப்புப் படம், பாவனை விளையாட்டு, ஒளிர்வு வேறுபாடு, கருப்பொருள், உரிப்பொருள்.

முன்னுரை

1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ உழவு வாழ்வை விளையாட்டாக்கியது. அம்மரபில் எரிக் பரோன் என்னும் தனியொருவர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’ 2016 பிப்ரவரியில் வெளியாயிற்று. தனியொருவரோ சிறு குழுவோ இத்தகைய விளையாட்டை உருவாக்கும்போது விளம்பரத்திற்கெனப் பெரும்பொருள் இருப்பதில்லை. பல்லாண்டு உழைப்பை வாங்குநர் கண்முன் நிறுத்தும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு சிறு படத்தின்மீதே விழுகிறது. எனவே முகப்புப் படம் என்பது முடிவில் பூசப்படும் ஒப்பனையன்று. படைப்பின் இயல்பைச் சுருக்கிக் கூறும் பாயிரம் எனக் கொள்வதே பொருந்தும்.

கடை வகுக்கும் எல்லைகள்

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடை ஒரே விளையாட்டுக்குப் பல அளவுகளில் படம் கோருகிறது. தலைப்புப் படம் 920×430 பிக்சல், முதன்மைப் படம் 1232×706, நெடும்படம் 748×896, சிறுபடம் 462×174. இச்சிறுபடத்திலிருந்து 184×69, 120×45 என்னும் இரு குறுவடிவங்களும் தாமே உருவாகின்றன. கடைசி வடிவில் உள்ளவை 5,400 பிக்சல்களே. அதனுள் பண்ணையும் ஆறும் பத்து மாந்தரும் அடங்கா. சிறுபடத்தில் விளையாட்டின் பெயரே ஏறத்தாழ முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்பது கடையின் அறிவுரை.

2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, இப்படங்களில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரமுறைத் துணைத்தலைப்பு ஆகியன மட்டுமே இடம்பெறலாம். மதிப்பெண், விருதுப் பெயர், தள்ளுபடி அறிவிப்பு முதலியன கூடா. பிறர் பாராட்டைத் துணைக்கழைக்க வழியில்லாத நிலையில் ஓவியமே பேசியாக வேண்டும்.

சிக்கலின் தோற்றம்

போர் விளையாட்டின் முகப்பில் ஆயுதம் ஏந்திய வீரன் நம்மை நோக்கி நிற்பான். முகம், படைக்கலம், பகை என்னும் மூன்றும் எந்த அளவிலும் புலப்படும். இதமான விளையாட்டில் பகை இல்லை. நிகழ்வும் மெல்ல நிகழ்வது. எனவே உருவாக்குநர் தம் உலகின் இனிய பொருள்கள் அனைத்தையும் ஒரு படத்துள் நிரப்ப முற்படுகின்றனர். பெரிய திரையில் அது அழகாகவே தோன்றும்; சுருங்கியதும் வண்ணக் குழம்பாகிவிடும்.

மற்றொரு காரணம் ஒளிர்வைச் சார்ந்தது. இளநீல வானும் இளம்பச்சை வயலும் நிறத்தால் வேறுபட்டவை. ஒளிர்வால் அருகருகே நிற்பவை. படம் சிறுத்தபின் வடிவங்களைப் பிரித்தறிய நிறவேறுபாட்டைவிட ஒளிர்வு வேறுபாடே மிகுதியும் உதவுகிறது. இணைய அணுகல்தன்மை நெறிமுறை பெரிய எழுத்துகளுக்குக் குறைந்தது 3:1 என்னும் ஒளிர்வு விகிதத்தை வேண்டுகிறது. முகப்புப் படத்தின் தலைப்பெழுத்துக்கும் அதனை அளவுகோலாகக் கொள்ளலாம். மென்மையைக் கைவிட வேண்டியதில்லை. மென்மையான நிறங்களுக்குள்ளேயே இருள், இடைநிலை, வெளிச்சம் என மூன்று தளங்களைப் பகுத்தமைத்தல் போதும்.

முப்பொருள் நோக்கு

தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு செய்யுளுக்குரியது. எனினும் ஒரு சிறு வெளிக்குள் இடத்தையும் பொருளையும் உணர்வையும் இயைத்துக் காணும் முறை என்ற அளவில் அதனை இங்கு ஒப்புமையாகக் கொள்ளலாம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். முகப்புப் படத்தில் பலர் நிலத்தை வரைந்து பொழுதை மறந்துவிடுகின்றனர். நண்பகல் வெளிச்சம் எங்கும் ஒன்றாகப் பரவுவதால் ஒளிர்வு வேறுபாடு குறைகிறது. மாலைப்பொழுதைத் தேர்ந்தால் வானம் இருண்டு சாளரம் ஒளிரும். ஒளிர்வுச் சிக்கலும் தீர்கிறது, வீடு திரும்பும் உணர்வும் கிடைக்கிறது.

கருப்பொருள் செயலைச் சுட்ட வேண்டும். ‘இங்கு நான் என்ன செய்யப்போகிறேன்?’ என்பதே வாங்குநரின் முதல் வினா. 2022இல் வெளிவந்த ‘பவர்வாஷ் சிமுலேட்டர்’ நீரைப் பீய்ச்சி அழுக்ககற்றும் விளையாட்டு என்பதை அதன் பெயரே உரைத்துவிடும். 2023இல் டொரொன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’ கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல்வழி கூறுவது. தமிழறியாத வாங்குநருக்கு அப்பெயர் செயலை உணர்த்தாது. பெயர் பொருளுணர்த்தாத இடத்தில் அப்பொறுப்பு முழுவதும் படத்திலுள்ள கருப்பொருளைச் சேரும். அத்தகைய முகப்பில் ஒரு பாத்திரமோ ஒரு கருவியோ தெளிவாகவும் பெரிதாகவும் அமைவது பத்துப் பொருள்களைச் சிதறவிடுவதினும் மேலானது.

உரிப்பொருள் கூறப்படுவதன்று, கருப்பொருள்வழி குறிப்பாக உணர்த்தப்படுவது. 2021இல் வெளிவந்த ‘அன்பேக்கிங்’, வீடு மாறும் ஒருவரின் பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை அடுக்குவதன் மூலமே அவர் வாழ்வை உணர்த்துகிறது. முகப்புப் படத்திலும் இந்நெறியே பயன்தரும். திறந்த கதவு, ஆவி பறக்கும் கோப்பை, பாதி நட்ட பாத்தி, எவரும் அமராத நாற்காலி ஆகியவை விளையாடுபவருக்கென விடப்பட்ட இடங்கள். போர் முகப்பு அறைகூவுகிறது. இதமான முகப்பு அழைக்கிறது.

மயக்கமும் நேர்மையும்

ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்தின் பயனைப் பெறும் என்பது அகத்திணையியல் கூறும் நெறி. கலப்பு விளையாட்டுகளுக்கு இது பொருத்தமான அளவுகோல். ‘ஸ்டார்டியூ வேலி’யில் சுரங்கமும் பூதங்களும் வாட்போரும் உண்டு. ஆயினும் அதன் முகப்பில் மரத்தாலானவை போன்ற தலைப்பெழுத்துகளும் வானும் பண்ணை நிலமுமே முன்நிற்கின்றன. கதவோரம் சாய்த்து வைத்த வாள் வீட்டின் அமைதியைப் பெறும். ஓங்கிய கையில் உள்ள வாள் படத்தின் உரியையே மாற்றிவிடும்.

மறுபுறம், கடும் நேர நெருக்கடியுள்ள விளையாட்டுக்கு இதமான முகப்பை அணிவித்தல் வாங்குநரை ஏமாற்றுவதாகும். ஸ்டீமில் வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். பொய்யான முகப்பு ஈட்டும் விற்பனை நிலைப்பதற்கு உறுதியில்லை.

சோதித்தறியும் முறை

1. படத்தை 120×45 பிக்சலுக்குச் சுருக்கிப் பெயர் படிக்கத்தக்கதா எனக் காண வேண்டும்.
2. வண்ணம் நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கி, முதன்மைப் பொருள் பின்புலத்திலிருந்து பிரிகிறதா என ஆராய வேண்டும்.
3. அதே வகையைச் சேர்ந்த பிற முகப்புகளின் நடுவே வைத்துத் தனித்துத் தெரிகிறதா என ஒப்பிட வேண்டும்.
4. விளையாட்டை அறியாத ஒருவரிடம் ஒரு நொடி காட்டி, ‘இதில் என்ன செய்வீர்கள்?’ என வினவ வேண்டும். ‘அழகாக இருக்கிறது’ என்னும் விடை போதாது. செயலைக் கூறும் விடையே வெற்றி.

ஒரே ஓவியத்தை வெட்டி எல்லா அளவுகளுக்கும் பயன்படுத்துதல் தவறு. பெயர், முதன்மைப் பொருள், பின்புலம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வரைந்து, ஒவ்வோர் அளவிலும் புதிதாக இயைத்தல் வேண்டும்.

முடிவுரை

இதமான பாவனை விளையாட்டின் முகப்புப் படம் அவ்வுலகின் சுருக்கப் பட்டியல் அன்று. அங்குச் செய்யப்போகும் ஒரு செயலுக்கான அழைப்பு. பொழுதைத் தேர்ந்து ஒளிர்வை வகுத்தல், ஒரு கருப்பொருளால் செயலைச் சுட்டல், உரியைக் குறிப்பால் உணர்த்தல் என்னும் மூன்றும் இயையும்போது சிறிய படமும் தெளிவாகப் பேசும். பழந்தமிழ்ப் பொருளிலக்கணம் இக்காலக் காட்சி வடிவமைப்பை விளக்கும் கருவியாகவும் அமையக்கூடும் என்பதனை இவ்வொப்புமை காட்டுகிறது. பிற வகை விளையாட்டுகளின் முகப்புகளையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு.