மூச்சுப் பயிற்சி: தலை ஏன் கிறுகிறுக்கிறது?

ஜூன் 21 நெருங்கினால் நம் வாசகர் கடிதங்களுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பொறையாற்றிலிருந்து ஒருவர், ‘கபாலபாதி செய்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்கிறார்கள், எவ்வளவு ஏறும்?’ என்று கேட்கிறார். ஆக்கூர் வாசகி ஒருவருக்கு அதைச் செய்தாலே தலை கிறுகிறுத்து விரல் நுனி மரத்துப்போகிறதாம். பயிற்சியாளர் ‘நாடி சுத்தமாகிறது, விடாமல் செய்யுங்கள்’ என்றாராம். தொடரலாமா என்பது அவருடைய சந்தேகம். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது பலருக்குப் புரிவதில்லை. எப்படி உட்காருவது, எந்த மூக்கை எந்த விரலால் மூடுவது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும். அதை விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் பார்ப்போம்.

ஐ.நா. 2014 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2015 முதல் ஜூன் 21 யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கென்று ஆயுஷ் அமைச்சகம் ஒரு 45 நிமிடப் பொது நெறிமுறை வைத்திருக்கிறது. நெறிமுறை என்றால், நாடு முழுக்க எல்லா உடம்பையும் ஒரே உடம்பாகப் பாவித்து ஒரே மாதிரி மூச்சுவிட வைக்கும் அட்டவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் படபடவென்று வயிற்றை உதறி மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியும் உண்டு, நிதானமாக இழுத்துவிடும் நாடிசோதனமும் உண்டு. ஒன்று முடிந்த சூட்டோடு மற்றொன்று. கபாலபாதி முகத்தை இளமையாக வைக்கும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். ரத்த அழுத்தம், இதய நோய், தலைசுற்றல், ஆஸ்துமா, வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதே தாளில் இருக்கிறது. மைக் பிடிப்பவர் முதல் வரியைப் படிப்பார். இரண்டாவதைப் படிப்பது அபூர்வம். காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஆக்சிஜன் விஷயத்துக்கு வருவோம். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டு வைத்திருக்கும் ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97, 98 காட்டும். இரண்டு நிமிடம் ஆன மட்டும் வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள், 99 வரலாம். அதற்கு மேல் ஏற இடமில்லை. ஆரோக்கியமான ஆளின் ரத்தம் சாதாரண மூச்சிலேயே ஏறக்குறைய முழுச் சுமையோடுதான் நுரையீரலை விட்டுக் கிளம்புகிறது. இதைச் சொன்னால் யோகத்துக்கு விரோதி என்பார்கள். ஆனால் முதலில் சொன்னவர்களில் ஒருவர் யோகிதான். மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் 1924-இல் கைவல்யதாமம் தொடங்கிய சுவாமி குவலயானந்தர், பிராணாயாமத்தின்போது உள்ளே போகும், வெளியே வரும் வாயுக்களை ஆய்வுக்கூடத்தில் அளந்தே பார்த்தார். கூடுதல் ஆக்சிஜனுக்காகத்தான் பிராணாயாமம் என்ற பேச்சு நிற்காது என்று எழுதிவிட்டார். ஏறத்தாழ நூறு வருடமாகியும் மேடைகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அப்படியானால் வேகமாக மூச்சு விடும்போது உடம்பில் மாறுவது எது? கரியமில வாயு. மாற்றமும் கொஞ்சநஞ்சமில்லை.

ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரசம். உடம்பு இதைக் கழிவு என்று தூக்கி எறிவதில்லை, அளந்து வைத்துக்கொள்கிறது. மூச்சு எப்போது வேண்டும் என்று முடிவு செய்யும் முகுளப்பகுதி, அன்றாடம் ஆக்சிஜனைக் கண்காணிப்பதைவிடக் கரியமில வாயுவைத்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறது. தம் கட்டினால் சற்று நேரத்தில் நெஞ்சு முட்டுகிறதே, அது ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதில்லை. கரியமில வாயு சேர்ந்ததால் வருவது. பலங்கொண்ட மட்டும் வேகமாக மூச்சுவிட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் 40 என்பது 25-க்கும் கீழே போய்விடலாம். அந்த இறக்கத்தில் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கரியமில வாயு ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. 25-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தலையில் அடிபட்டு மூளை வீங்கிய நோயாளிக்கு, அவசரத்துக்கு வென்டிலேட்டரை வேகமாக ஓட்டி டாக்டர்கள் செய்வதும் இதே சுருக்கத்தைத்தான். அங்கே அது ஆபத்தான கட்டத்தில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், மானிட்டரைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. இங்கே பாயில் உட்கார வைத்து, பாட்டுப் போட்டுச் செய்கிறோம். அடுத்தது, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதனால் அதில் மிதக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகள் சட்டென்று கிளர்ந்துவிடுகின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் வரும் குறுகுறுப்பு அதுதான். இன்னும் தொடர்ந்தால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கை கூம்பிக்கொள்ளும். ஆக்கூர் வாசகிக்கு நாடி சுத்தமாகவில்லை. கால்சியம்தான் விளையாடியிருக்கிறது.

மூன்றாவது விஷயத்துக்கும் நம் தரங்கம்பாடிக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து இங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்துக் கோபன்ஹேகனில் பிறந்தவர் கிறிஸ்டியன் போர், அணு ஆராய்ச்சியாளர் நீல்ஸ் போரின் அப்பா. 1904-இல் அவரும் ஹாசல்பால்க், குரோக் என்ற இரண்டு சகாக்களும் நாயின் ரத்தத்தை வைத்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். கரியமில வாயு அதிகமிருந்தால் ரத்தம் ஆக்சிஜனை எளிதாகக் கைவிடுகிறது, குறைந்தால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. உடம்புக்கு இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு வேண்டுமா? எந்தத் தசை உழைத்துக் கரியமில வாயுவைக் கக்குகிறதோ, அந்த இடத்தில்தான் ரத்தம் சரக்கை இறக்குகிறது. இந்த ஏற்பாட்டைத்தான் வேகமூச்சு கலைக்கிறது. மீட்டரில் 99 காட்டும், ரத்தம் சரக்கை எளிதில் இறக்காது, மூளைக்கு வருகிற ரத்தமும் குறைவு. ‘ஆக்சிஜன் ஏறுகிறது’ என்ற அறிவிப்புக்கு நடுவே மூளைக்குக் கிடைப்பது குறைந்துகொண்டிருக்கும்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். கபாலபாதியைச் சரியாகப் பழகியவர்கள் சின்னச் சின்ன வீச்சாகத்தான் செய்வார்கள். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சும்மா நிற்கிற 150 மில்லி காற்றுதான் பெரும்பாலும் போய்வரும், கரியமில வாயு அவ்வளவாக இறங்காது. பழைய ஹடயோகப் பிரதீபிகை இதைப் பிராணாயாமத்தில் சேர்க்கவுமில்லை, நேதி, தௌதி மாதிரி ஆறு சுத்திகரிப்புகளில் ஒன்றாகத்தான் வைத்தது. வருடத்துக்கு ஒரு நாள் வந்து, பக்கத்துப் பாய்க்காரரைத் தோற்கடிக்கும் வேகத்தில் நெஞ்சு நிறைய இழுத்து உதறுகிறவருக்குத்தான் மேலே சொன்ன எல்லாமும்.

மயக்கம் வந்தால் பாயில் சரிவார், தண்ணீர் தெளித்து எழுப்பிவிடலாம். என்னை உறுத்துவது அடுத்து வரும் குளியல். கடற்கரையில் பயிற்சி முடித்த கையோடு பையன்கள் தண்ணீருக்குத்தான் ஓடுவார்கள். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களில் நின்று குதிப்பார்கள். ஊருக்குள் குளத்தில் யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று பந்தயம் கட்டுவார்கள். வேகமாக மூச்சு விட்டுவிட்டு முங்கினால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதை எல்லாப் பையன்களும் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான், ஆபத்தும் அந்த உண்மையில்தான். வேகமூச்சால் ஆக்சிஜன் கையிருப்பு பெரிதாகக் கூடவில்லை. ‘மேலே வா’ என்று நெஞ்சை முட்டவைக்கும் கரியமில வாயு மட்டும் பாதிக்கு இறங்கியிருக்கிறது. அது மறுபடி ஏறி எச்சரிக்கை கொடுப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். தவிப்பு இருக்காது, கை உதறல் இருக்காது, கரையில் நிற்பவர் விளையாடுகிறான் என்றே நினைப்பார். இதில் போகிறவர்கள் பெரும்பாலும் நல்ல நீச்சல்காரர்கள். 1961-லேயே அமெரிக்க உடலியலாளர் ஆல்பர்ட் கிரெய்க் இதை விளக்கி எழுதியிருக்கிறார். மூச்சுப் பயிற்சித் துண்டறிக்கை எதிலும் ‘செய்துவிட்டு முங்காதே’ என்ற ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

இனி மெதுமூச்சு. இது வேறு கணக்கு. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுங்கள், துடிப்பு சற்று நெருங்கும். மெல்ல விடுங்கள், விலகும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்து மட்டுப்படுத்துகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்குக் குறைத்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கழுத்துத் தமனியில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மட்டுப்படுத்தி, இறங்கினால் முடுக்கும் அந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 10 விநாடி ஆகிறது. மூச்சும் 10 விநாடிக்கு ஒன்று என்றானால், ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளியது மாதிரி இரண்டும் ஒன்றுகூடி அந்தக் கண்காணிப்பு கூர்மையாகிறது. 2001-இல் இத்தாலியின் பாவியாவைச் சேர்ந்த பெர்னார்டி குழு, லத்தீன் ஜெபமாலை சொன்னாலும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொன்னாலும் மூச்சு இதே ஆறுக்குத்தான் வருகிறது என்று 23 பேரிடம் அளந்து காட்டியது. ஆகஸ்ட் கடைசியில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் ஜெபமாலை உருட்டுவதை இனி கொஞ்சம் உடலியல் கண்ணோடும் பார்க்கலாம்.

வேகமும் நிதானமும் ஒன்றல்ல என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் உடலியல் துறையினர் மருத்துவ மாணவர்கள் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெதுமூச்சும் மறுபாதிக்கு வேகமூச்சும் தினம் அரை மணி நேரம், மூன்று மாதம் கொடுத்தார்கள். மெதுமூச்சுக்காரர்களுக்கு இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பியக்கம் வலுப்பட்டது. வேகமூச்சுக்காரர்களிடம் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை. 2004-இல் வெளியான ஆய்வு இது. இளைஞர்கள், ஆண்கள், சிறு எண்ணிக்கை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ‘பிராணாயாமம் நல்லது’ என்று சொல்லுகிற அறிவிப்புகளைவிட இது மேல்.

நம் மாவட்டத்துத் திருவாவடுதுறையோடு சேர்த்துச் சொல்லப்படும் திருமூலரின் கணக்கும் நிதானத்தின் பக்கம்தான். இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32. மாத்திரையை எவ்வளவு சுருக்கி எண்ணினாலும் ஒரு மூச்சு ஒரு நிமிடத்தை ஒட்டி வரும். அந்த 64-இல் கரியமில வாயு ஏறும், அதாவது கபாலபாதிக்கு நேர் எதிர்த்திசை. குரு பக்கத்தில் இல்லாமல் 64 பிடிக்கக் கிளம்ப வேண்டாம், ரத்த அழுத்தக்காரர்கள் முக்கியமாக.

மற்ற கடிதங்களுக்குச் சுருக்கமாக:

தரங்கம்பாடி ஓசோன் காற்றை ஆழ்ந்து இழுத்தால் ஆயுள் கூடுமா? சுற்றுலா விளம்பரம் அப்படித்தான் பேசும். தரையோரத்து ஓசோனை இந்தியாவின் காற்றுத்தர விதிகள் மாசுப் பட்டியலில் வைத்து, எட்டு மணி நேரச் சராசரிக்கு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு போட்டிருக்கின்றன. நிஜமாகவே மிகுந்திருந்தால் ஆழ்ந்து இழுக்கும்போதுதான் நெஞ்சு எரியும். கடல் வாசனை பெரும்பாலும் கடல் நுண்பாசி விடும் கந்தகச் சேர்மத்துடையது.

சீனர்களின் சீகோங் வேறா? அதிலும் மெதுமூச்சு, மெதுவான அசைவு. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை.

முனகியபடி மூச்சை விடும் பிராமரி? முனகும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடுவதாக 2002-இல் சுவீடனில் அளந்தார்கள். அதனால் எந்த நோய் தீர்கிறது என்பது தனிக் கேள்வி.

நுரையீரல் பெரிதாகுமா? ஆகாது, மூச்சுத் தசைகள் பலப்படும்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. மெதுமூச்சால் இறங்குவது சில புள்ளிகள்தான்.

இன்ஹேலரை? அதையும் நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிகள்? கபாலபாதி வேண்டாம்.

கரியமில வாயு நச்சுதானே, போனால் நல்லதுதானே? நான்காவது பத்தியிலிருந்து மறுபடி படிக்கவும்.

21-ஆம் தேதி மைக்கில் கபாலபாதி என்றால் என்ன செய்வது? வாயை மூடி, மூக்கால் மெதுவாக இழுத்து இன்னும் மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். பின் வரிசையில் இருப்பவரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.