எல்லைக் கோட்டைகளின் வழியே ஒரு மிதிவண்டிப் பயணம்

மும்பையில் வாழும் தமிழர்களுக்குக் கோட்டை என்றால் செஞ்சியும் வேலூரும் நினைவுக்கு வரும். சற்றுப் பழகியவர்கள் இராய்கட்டையும் சிவனேரியையும் சேர்த்துச் சொல்வார்கள். செம்பூரிலிருந்து மாட்டுங்காவிற்கு நாள்தோறும் சென்று வரும் வழியிலேயே மூன்று கோட்டைகள் நிற்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? குளிர்கால ஞாயிறு ஒன்றில், போக்குவரத்து விழித்தெழுவதற்கு முன், அவற்றை மிதிவண்டியில் கண்டு வருவதெனப் புறப்பட்டோம். நாங்கள் நால்வர். எங்களுள் ஒருவர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். தம் பன்னிரண்டு வயது மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

செம்பூரில் தொடங்கி சயான், தாராவி, மாகிம் வழியாக மாட்டுங்காவில் முடியும் இப்பாதை ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். சயான் குன்றைத் தவிர ஏற்றம் எதுவும் இல்லை. நிதானமாக மிதித்து, ஒவ்வோரிடத்திலும் இறங்கிப் பார்த்தாலும் நான்கு மணி நேரம் போதும்.

ஏன் இந்த இடங்களில் கோட்டைகள்?

பாதையைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். இன்றைய மும்பை அன்று தனித்தனித் தீவுகள். 1661-ஆம் ஆண்டு போர்த்துகீசிய இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் இடையே ஏற்பட்ட திருமண ஒப்பந்தத்தில் பம்பாய்த் தீவு சீதனமாகச் சென்றது. அதனை ஆள்வதில் வரவைவிடச் செலவே மிகுதி எனக் கண்ட மன்னர், 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். இன்று ஒரு சதுர அடிக்குக் கேட்கப்படும் விலையை அறிந்த வாசகர்கள் அந்த வாடகையை எண்ணிப் பெருமூச்சு விடலாம்.

கம்பெனியின் நிலம் சயானிலும் மாகிமிலும் முடிந்தது. கழிமுகத்துக்கு அப்பால் இருந்த சால்செட் தீவு, அதாவது இன்றைய குர்லா, பாந்திரா, தாணே ஆகியவை அடங்கிய பகுதி, போர்த்துகீசியரின் கையில் இருந்தது. சயான் என்ற பெயரே எல்லையைக் குறிக்கும் 'சீவ்' என்ற மராத்திச் சொல்லிலிருந்து வந்தது என்பர். எனவே சிவ்ரி, சயான், தாராவி, மாகிம் எனக் கிழக்கிலிருந்து மேற்காக எல்லையை ஒட்டிக் காவல் கோட்டைகள் எழுந்தன. நாங்கள் சென்றது இந்த எல்லைக்கோட்டின் வழியேதான்.

செம்பூரிலிருந்து சயானுக்கு

செம்பூர் அன்று கம்பெனியின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஊர். 1906-இல் இங்கு வந்த இருப்புப் பாதைகூட, நகரத்தின் குப்பையை ஏற்றிச் செல்வதற்காகவே போடப்பட்டது. பயணிகள் வண்டி 1924-இல்தான் ஓடத் தொடங்கியது. அந்த ஊரில்தான் இன்று திருச்செம்பூர் முருகன் உயர்ந்த படிகளின் மேல் வீற்றிருக்கிறார்.

விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, வி.என். புரவ் சாலை வழியாகச் சயானை அடைந்தோம். கம்பெனியின் ஆளுநராயிருந்த ஜெரால்டு ஆஞ்சியரின் காலத்தில், 1669-க்கும் 1677-க்கும் இடையே, கூம்பு வடிவக் குன்றொன்றின் மேல் கட்டப்பட்டது சயான் கோட்டை. அடிவாரத்தில் நேரு பெயரிலமைந்த பூங்காவும் இந்தியத் தொல்லியல் துறையின் மும்பை வட்ட அலுவலகமும் உள்ளன. வண்டிகளைக் கீழே பூட்டி வைத்துவிட்டு நடந்து ஏறினோம்.

மேலே கூரையிழந்த அறைகளும் இடிந்த மதிற்சுவர்களுமே எஞ்சியுள்ளன. ஆயினும் அங்கு நின்று கிழக்கே நோக்கினால், இந்தக் குன்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கிவிடும். படகு எத்திசையிலிருந்து வந்தாலும் கண்ணில் படாமல் தப்பாது. நீர் இருந்த இடத்தில் இப்போது மேம்பாலங்கள் இருக்கின்றன. கீழே ஓடும் சாலை, ஆளுநர் ஜொனாத்தன் டங்கன் காலத்தில் 1805-இல் கட்டி முடிக்கப்பட்ட கடற்பாதையின் வழித்தோன்றல். தீவையும் சால்செட்டையும் அதுவே முதலில் இணைத்தது. பாதை வந்தபின் எல்லைக்கு வேலையில்லாமல் போயிற்று.

பேருந்து நிறுத்தமாகிப் போன கோட்டை

சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில் சிறிது தொலைவு மிதித்தால் 'காலா கில்லா' என்னும் நிறுத்தம் வரும். பெஸ்ட் பேருந்துப் பணிமனையை வைத்து இவ்விடத்தை அறியாத தாராவிவாசி இல்லை. 'காலா கில்லா' என்றால் கறுப்புக் கோட்டை. பெயர் எல்லோர் நாவிலும் இருக்கிறது. கோட்டையைக் கண்டவர் சிலரே.

எங்களுடன் வந்த நண்பரின் பாட்டனார் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். நண்பர் முப்பது ஆண்டுகள் இந்த நிறுத்தத்தில் ஏறி இறங்கியிருக்கிறார். "காலா கில்லா என்பது ஏதோ ஒரு சேட்டின் பெயர் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்" என்றார் சிரித்துக்கொண்டே. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் இடையே வழி தெரியாமல் நின்றபோது, தேநீர்க் கடை வாசலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

நண்பர் ஊரைச் சொன்னதும் அவர் எழுந்துகொண்டார். "கில்லாதானே பாக்கணும்? வாங்க, காட்டுதேன். பாக்க வாறவங்க யாரு இருக்கா!"

சந்து திரும்பியதும் கருங்கற்சுவர் எதிரே நின்றது. ரீவா கோட்டை என்பது இதன் இன்னொரு பெயர். அளவில் சிறியது, கோட்டை என்பதைவிடக் காவற்கொத்தளம் என்பதே பொருந்தும். சுவரில் பதித்த கல்வெட்டில் ஆளுநர் ஹார்னின் ஆணைப்படி 1737-இல் கட்டப்பட்டது என ஆங்கிலத்தில் பொறித்துள்ளனர். அந்த ஆண்டுக்குக் காரணம் உண்டு. 1737-இல்தான் மராத்தியர் படை தாணேயைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. இரண்டே ஆண்டுகளில் சிமாஜி அப்பாவின் தலைமையில் வசாயும் வீழ்ந்தது. கழிமுகத்தின் அக்கரையில் புதிய வல்லரசு வந்து நின்றதைக் கண்டு கம்பெனி அவசரமாக எழுப்பிய சுவர் இது.

சிறுமி கல்வெட்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி உரக்க வாசித்தாள். முதியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்பது வருசமா இதுக்குப் பக்கத்துலதான் கெடக்கேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது தாயி" என்றார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. சுவரின் மேல் கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

தாராவி முழுவதும் மறுசீரமைப்புக்கு ஆயத்தமாகும் காலம் இது. எந்த வீடு எங்கே போகும், எந்தப் பட்டறைக்கு இடம் கிடைக்கும் என்பதே இங்குள்ளோரின் முதற்கவலை. அதுவே நியாயமும் ஆகும். கோட்டைச் சுவரை ஒட்டிக் குவியும் குப்பையைக் குறித்து அவர்களைக் கடிந்துகொள்ள வெளியிலிருந்து வரும் எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஓரிடத்தின் வரலாற்றை அங்கு வாழ்பவரே அறியாதிருந்தால், அது அகற்றப்படும்போது கேட்பதற்கு ஆளிருக்காது. சுவருக்கு எதிரே தமிழிலும் மராத்தியிலும் ஒரு விளக்கப் பலகை நின்றால்கூடப் போதும் என்று எங்களுக்குத் தோன்றியது.

மாகிம்: கல்லும் குடியும்

சாலையின் மறுபுறம் மிட்டி ஆற்றை ஒட்டி மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. குப்பை கொட்டும் களமாயிருந்த நிலத்தில் மரங்களை நட்டு வளர்த்து 1994-இல் திறந்தார்கள். அதன் நிழலைக் கடந்து மேற்கே சென்றால் மாகிம் விரிகுடா வரும்.

1684-இல் தாமஸ் கிரந்தம் வலுப்படுத்திய மாகிம் கோட்டையின் சுவர்களைக் கடலலைகள் இன்றும் மோதுகின்றன. எதிர்க்கரையில் தெரிவது போர்த்துகீசியர் 1640-இல் கட்டிய பாந்திரா கோட்டை. இரு தரப்புக் காவலர்களும் ஒருவரையொருவர் கண்ணால் காணும் தொலைவில் நின்றிருக்கிறார்கள். பல்லாண்டுகளாகக் கோட்டைக்குள்ளேயே குடிசைகள் இருந்தன. அண்மையில் அவை அகற்றப்பட்டு, குடியிருந்தோர் வேறிடங்களில் அமர்த்தப்பட்டனர். சுவரைக் காப்பதற்கு அது தேவைதான். ஆயினும் கடலலையின் ஓசையில் உறங்கிப் பழகிய அந்தக் குடும்பங்களும் இக்கோட்டையின் வரலாற்றில் ஓர் ஏடு என்பதை மறக்கலாகாது.

அருகே உள்ள மாகிம் கடற்பாதை 1845-இல் திறக்கப்பட்டது. ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கும் மேல் தம் சொந்தப் பணத்தைத் தந்து அதனைக் கட்டுவித்தவர் ஜம்சேத்ஜி ஜீஜீபாயின் துணைவியார் அவாபாய். கடப்பவரிடம் சுங்கம் வாங்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. லேடி ஜம்சேத்ஜி சாலை என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயர் அவருடையது.

நடுகல்லும் மைல்கல்லும்

மாட்டுங்காவை அடையும்போது மணி பத்து. 1896-இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின், நகர மேம்பாட்டு அறக்கட்டளை காற்றோட்டமாக வகுத்த பகுதி இது. இதன் மர நிழல் சாலைகளில் மிதிப்பதே ஓர் இன்பம். உடுப்பி உணவகமொன்றில் இட்லியும் வடிகட்டிய காபியும் வந்தபின், இன்னும் கால் வலிக்காதவர்கள் எங்கே போகலாம் என்ற பேச்சு எழுந்தது.

தெற்கே போகலாம். 1718-இல் திறக்கப்பட்ட புனித தாமஸ் தேவாலயத்தைத் தொடக்கமாக வைத்து 19-ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட மைல்கற்கள் சில, ரோமன் எண்களைத் தாங்கி இன்றும் பழைய சாலையோரங்களில் நிற்கின்றன. சாலை உயர உயர மண்ணுக்குள் புதைந்துபோன சிலவற்றை அண்மை ஆண்டுகளில் தோண்டி எடுத்துச் செப்பனிட்டிருக்கிறார்கள்.

வடக்கே போகத் துணிபவர்களுக்குப் போரிவலியின் எக்சரில் வேறொரு காட்சி காத்திருக்கிறது. சிலாகாரர் காலக் கடற்போரில் மடிந்தவர்களுக்கு எடுக்கப்பட்ட வீரக்கற்கள் அவை. அவற்றில் போர்க்கலங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அந்த மரபில் வந்த நமக்கு எக்சர் அயலூராகத் தோன்றாது.

புறப்படுவோர் கவனத்திற்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஞாயிறு காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிடுவது நலம். பத்து மணிக்குப் பின் இணைப்புச் சாலையில் கனரக வண்டிகள் மிகும். தலைக்கவசம், முன்பின் விளக்குகள், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், போதிய குடிநீர் ஆகியவை இன்றியமையாதவை. மழைக்காலத்தில் சயான் குன்றின் படிகள் வழுக்கும். தாராவிச் சந்துகளில் வண்டியை உருட்டிச் செல்லுங்கள். அவை பலருடைய வீட்டு முற்றங்கள். படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் தமிழிலேயே கேட்கலாம்.

மறுவாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். ஊரிலிருந்து வந்திருக்கும் தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு காலா கில்லாவுக்கு மீண்டும் போய் வந்தாராம். மிதிவண்டியில் அன்று, பேருந்தில். நடத்துநரிடம் பயணச்சீட்டு கேட்கும்போது, "காலா கில்லா" என்பதற்கு முன் தம் மகள் "1737" என்றும் சேர்த்துச் சொன்னாள் என்றார்.