பெடோர் யாகோர்

பெடோர் யாகோர் (நவம்பர் 30, 1816 – பெப்ரவரி 11, 1900) ஒரு ஜெர்மானிய இயற்கையியலாளர், இனவியலாளர், பயண நூலாசிரியர் ஆவார். ஆண்ட்ரியாஸ் பெடோர் யாகோர் என்பது இவரது முழுப்பெயர். தமிழ் நூல்களில் இவர் பெயர் ஜாகர், ஜாகோர் என்றும் எழுதப்படுகிறது. பிலிப்பீன்சு தீவுகளைப் பற்றிய இவரது பயண நூல் உலக அளவில் அறியப்பட்டது. தமிழக வரலாற்றில் இவர் வேறொரு காரணத்திற்காக நினைவு கூரப்படுகிறார். 1876-ஆம் ஆண்டில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஆதிச்சநல்லூரில் முதன்முதலாக அகழ்வு மேற்கொண்டவர் இவரே. அங்கு கிடைத்த பொருட்கள் பெர்லின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன.

பயணங்கள்

யாகோர் பெர்லினில் பிறந்து அந்நகரிலேயே மறைந்தார். ஆசியாவிற்கு மூன்று நெடும்பயணங்கள் மேற்கொண்டார். 1857 முதல் 1861 வரையிலான முதற்பயணத்தில் சிங்கப்பூர், மலாக்கா, சாவகம், பிலிப்பீன்சு ஆகிய இடங்களைக் கண்டார். 1873 முதல் 1876 வரையிலான இரண்டாம் பயணத்தில் இந்தியாவின் பல பகுதிகளுக்குச் சென்றார். 1890-களின் தொடக்கத்தில், எழுபது வயதைக் கடந்த நிலையில், மூன்றாம் முறையாகவும் ஆசியாவிற்குப் பயணமானார்.

முதற்பயணத்தின் பயனாக இரு நூல்கள் வெளிவந்தன. சிங்கப்பூர், மலாக்கா, சாவகம் பற்றிய நூல் 1866-இலும், பிலிப்பீன்சு பற்றிய நூல் 1873-இலும் ஜெர்மன் மொழியில் அச்சாயின. பின்னதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1875-இல் வெளிவந்தது.

இயற்கையியல் பணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்கையியல் என்பது இன்று தனித்தனியாகப் பிரிந்துள்ள பல துறைகளை உள்ளடக்கியிருந்தது. விலங்கு, தாவரம், பாறை, எரிமலை, மக்களின் கருவிகள், இடுகாடுகள் ஆகிய அனைத்தையும் ஒரே பயணி சேகரித்தார். பின்னர் தாய்நாட்டு அறிஞர்கள் அவற்றை ஆய்ந்து வகைப்படுத்தினர். யாகோரும் இவ்வழியைப் பின்பற்றியவரே.

இவர் சேகரித்த உயிரினங்கள் சில இவர் பெயராலேயே வழங்குகின்றன. நீர்ப்பாம்பு இனம் ஒன்றிற்கு 1863-இலும், பிலிப்பீன்சில் வாழும் அரணை இனம் ஒன்றிற்கு 1864-இலும் விலங்கியலாளர் வில்கெல்ம் பீட்டர்சு யாகோரின் பெயரைச் சூட்டினார். பிலிப்பீன்சில் வாழும் தினைக்குருவி வகை ஒன்றிற்கும் 1866-இல் இவர் பெயர் இடப்பட்டது. பிலிப்பீன்சின் குகைகளிலிருந்து இவர் கொண்டுவந்த மனித மண்டையோடுகளை, புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ ஆராய்ந்து எழுதினார்.

பிலிப்பீன்சு நூலும் ரிசாலும்

பிலிப்பீன்சு பற்றிய நூலில் யாகோர் லூசோன், சாமார், லெய்ட்டே தீவுகளின் மக்கள், வேளாண்மை, எசுப்பானிய ஆட்சியின் வணிகக் கொள்கை, புகையிலை ஏகபோகம் ஆகியவற்றை விரிவாக எழுதினார். மயோன் எரிமலை மீது ஏறிய அனுபவமும் அதில் உள்ளது. அந்நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்படும் ஒசே ரிசால் இந்நூலை ஆர்வத்துடன் படித்தவர். 1886–87-இல் பெர்லினில் தங்கியிருந்தபோது ரிசால் யாகோரைச் சந்தித்தார். யாகோரின் வழியாக விர்ச்சோவின் அறிமுகத்தையும் பெற்றார்.

1876-இல் திருநெல்வேலி மாவட்டம்

யாகோர் வந்தபோது திருநெல்வேலி மாவட்டம் இன்றுள்ளதைவிடப் பெரிய நிலப்பரப்பைக் கொண்டிருந்தது. தாமிரபரணிக் கரையோடு, வடக்கே கரிசல் நிலமான சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்களும் அதில் அடங்கியிருந்தன. இன்றைய விருதுநகரும் (அன்றைய பெயர் விருதுபட்டி) சிவகாசியும் சாத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர்கள். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது இவ்வட்டங்கள் அதனோடு இணைக்கப்பட்டன. 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தது. ஆதிச்சநல்லூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

இம்மாவட்டத்தின் வரலாற்றை எழுதும் முயற்சி அக்காலத்தில்தான் வலுப்பெற்றது. ஆட்சியர் ஏ. ஜே. சுடூவர்ட் தொகுத்த மாவட்டக் கையேடு 1879-இல் வெளிவந்தது. இராபர்ட் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து கண்டவற்றை 1877-இல் எழுதினார்; அவரது திருநெல்வேலி மாவட்ட வரலாறு 1881-இல் வெளிவந்தது. இந்நூல்கள் அச்சாவதற்கு முன்பே யாகோரின் அகழ்வு நிகழ்ந்துவிட்டது.

ஆதிச்சநல்லூர் அகழ்வு

ஆதிச்சநல்லூர், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ளது. சரளைக்கற்கள் நிறைந்த மேட்டுநிலமான இவ்விடத்தில் இறந்தோர் முதுமக்கள் தாழிகளில் வைத்துப் புதைக்கப்பட்டனர். பயிர் விளையும் நிலத்தைத் தவிர்த்து, உழவுக்கு உதவாத மேட்டினை இடுகாடாகத் தெரிந்தெடுத்துள்ளனர்.

1876-இல் யாகோர், மாவட்ட ஆட்சியரும் செயற்பொறியாளரும் உடன்வர இங்கு வந்து அகழ்ந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகையான மட்கலங்கள், கத்தி, குறுவாள், கோடரி போன்ற இரும்புப் பொருட்கள், பெருமளவிலான எலும்புகளும் மண்டையோடுகளும் அவருக்குக் கிடைத்தன. அவை பெர்லின் அருங்காட்சியகத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டன. இவ்வகழ்வைப் பற்றித் தமிழகத்தில் இன்று அறியப்படும் செய்திகளில் பெரும்பகுதி, பின்னர் அங்கு அகழ்ந்த அலெக்சாண்டர் ரியா எழுதிய குறிப்பின் வழியே கிடைத்தவை ஆகும்.

சட்டப் பின்னணி

யாகோரின் செயல் அக்காலச் சட்டத்திற்கு முரணானதன்று. இந்தியப் புதையல் சட்டம் 1878-இலும், பண்டைய நினைவுச்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 1904-இலும் இயற்றப்பட்டன. தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் 1947-இல்தான் வந்தது. அதற்கு மாறாக 1972-இல் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் இயற்றப்பட்டது. பண்பாட்டுப் பொருட்களின் முறையற்ற இடமாற்றத்தைத் தடுக்கும் யுனெசுக்கோ உடன்படிக்கை 1970-இல் ஏற்கப்பட்டது. அது முன்தேதியிட்டுச் செயற்படுவதில்லை. ஆகவே 1876-இல் நாட்டைவிட்டுச் சென்ற பொருட்களைத் திரும்பப் பெறுவது, சட்ட உரிமையைக் காட்டிலும் இரு தரப்பின் இணக்கத்தையே சார்ந்துள்ளது.

இடமும் பொருளும்

தொல்லியலில் ஒரு பொருளின் மதிப்பு அது கிடைத்த இடத்தோடும் சூழலோடும் இணைந்தது. ஒரே தாழிக்குள் எலும்பும் இரும்புக் கத்தியும் நெல் உமியும் சேர்ந்து கிடைத்தால், உமியின் காலத்தைக் கொண்டு கத்தியின் காலத்தைக் கணிக்க இயலும். கத்தியை மட்டும் எடுத்து, அது எந்தத் தாழியில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு இருந்தது என்று குறிக்காவிடில் அவ்வாய்ப்பு நீங்கிவிடும். கரிமக் காலக்கணிப்பு முறை 1940-களின் இறுதியில்தான் கண்டறியப்பட்டது. எனினும் மண்ணடுக்குகளைக் குறித்து வைத்தால்தான் அம்முறை முழுப்பயன் தரும். உயிரினங்களைச் சேகரிப்பது போலவே தொல்பொருட்களையும் வகைக்கு ஒன்றாகத் திரட்டிய அக்கால வழக்கம், இப்பயனைக் குறைத்துவிட்டது. பொருட்கள் பெர்லினிலிருந்து திரும்பக் கிடைத்தாலும், அவை இருந்த சூழலை மீட்க இயலாது.

பின்வந்த அகழாய்வுகள்

யாகோருக்குப் பின் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா ஆதிச்சநல்லூரில் விரிவாக அகழ்ந்தார். இடுகாடு 114 ஏக்கர் பரப்புடையது என அவர் கணக்கிட்டார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், ஏராளமான இரும்புக் கருவிகள் அவருக்குக் கிடைத்தன. நெல் உமியும் துணியின் எச்சங்களும் கிடைத்ததை அவர் பதிவு செய்தார். அவர் தொகுத்த பொருட்பட்டியல் 1915-இல் வெளிவந்தது. பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இதனிடையே பிரான்சைச் சேர்ந்த லூயி லாப்பிக் என்பவரும் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார்.

ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின், 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை த. சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழாய்வைத் தொடங்கியது. அப்போது எடுக்கப்பட்ட மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என ஆய்வகச் சோதனையில் தெரியவந்ததாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. அண்மையிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. இக்காலக் கணிப்புகள் அனைத்தும், எடுத்த இடம் குறிக்கப்பட்ட மாதிரிகளிலிருந்தே பெறப்பட்டன. 2023 ஆகத்து 5 அன்று ஆதிச்சநல்லூரில் அருங்காட்சியகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அகழ்ந்த குழிகளில் தாழிகளை இருந்த நிலையிலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணும் ஏற்பாடும் அன்று திறக்கப்பட்டது.

வெம்பக்கோட்டை: ஓர் ஒப்பீடு

பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியில், பட்டாசுத் தொழில் நிறைந்த சிவகாசி வட்டாரத்தில், வைப்பாற்றின் கரையில் வெம்பக்கோட்டை உள்ளது. இங்கு மேட்டுக்காடு எனப்படும் தொல்லியல் மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கி, 2023-இலும் 2024-இலும் தொடர்ந்தது. நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் முதலியன கிடைத்துள்ளன.

இரு இடங்களின் தன்மையும் வேறு. ஆதிச்சநல்லூரில் யாகோர் அகழ்ந்தது இடுகாடு. வெம்பக்கோட்டை மக்கள் வாழ்ந்து தொழில் செய்த இடம். அகழும் முறையும் வேறு. வெம்பக்கோட்டையில் நிலம் சதுரக் குழிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொருளும் கிடைத்த குழியும் ஆழமும் பதியப்படுகின்றன. சங்கு வளையல் ஒன்று தனியாகக் கிடைத்தால் அது அணிகலன் மட்டுமே. அறுத்த சங்குத் துண்டுகளும் முழுமையடையாத வளையல்களும் அதனோடு ஓரிடத்தில் கிடைத்தால், அங்கு வளையல் தொழில் நடந்தது என அறியலாம். யாகோரின் சேகரிப்பில் இல்லாதது இத்தகைய பதிவே ஆகும்.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

யாகோர் தமது சேகரிப்புகளைப் பெர்லின் அருங்காட்சியகங்களுக்கு அளித்தார். தமது செல்வத்தையும் பெர்லின் நகருக்கே விட்டுச்சென்றார். அவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று அமைந்தது. அவரது இனவியல் சேகரிப்புகளைப் பெற்ற அருங்காட்சியகம் இன்று பெர்லின் இனவியல் அருங்காட்சியகம் என வழங்குகிறது. அதன் காட்சிக்கூடங்கள் 2021 முதல் அந்நகரின் அம்போல்ட் மன்றத்தில் அமைந்துள்ளன.

இந்தியாவில் யாகோர் வாழும் மக்களின் உடலளவுகளையும் திரட்டினார். அவை 1879-இல் பெர்லினில் வெளியிடப்பட்டன. உடலளவுகளைக் கொண்டு மக்களை இனங்களாகப் பிரிக்கும் அக்கால முறையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும் அவர் எழுதிய பயண விவரங்கள் வரலாற்று மாணவர்களுக்குப் பயன்பட்டு வருகின்றன. ஆதிச்சநல்லூரைப் பொறுத்தவரை, அவ்விடத்தின் தொன்மையை வெளியுலகு அறிவதற்கு அவரது அகழ்வு வழிவகுத்தது. தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் அந்த முதல் அகழ்வின் பொருட்களைக் காண வேண்டுமாயின் பெர்லினுக்குச் செல்ல வேண்டிய நிலையும் அவ்வகழ்வினாலேயே உண்டானது.