எந்தப் புத்தகம் வாங்கலாம்? உங்க ரசனைக்கு ஒரு குட்டி கைடு

‘எல்லாரும் சொல்றாங்களே’ என்று ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கி, முதல் பாகத்திலேயே நின்றுபோனவர்கள் நம்மில் பலர். அது அலமாரியில் தூங்குவதைப் பார்த்துப் பார்த்து, ‘நமக்கு வாசிப்பு செட் ஆகாது’ன்னு முடிவே பண்ணிடுறோம். புகழை விட்டுட்டு, ரசனையைப் பார்த்து வாங்குங்க.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் பிடிக்குமா?
சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீனோ என்ற இயந்திர நாய்தான் ஹைலைட். விகடனில் தொடராக வந்த கதை என்பதால், ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததுக்கு இழுக்கும்.

யதார்த்தப் படங்களின் ரசிகரா?
அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜமுனா என்ற பெண்ணின் போராட்டம். சின்ன நாவல், ஒரு வார இறுதி போதும்.

கதையே வேண்டாமா?
ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. காபி நம்ம வாழ்க்கைக்குள் நுழைந்த வரலாறு இதில் இருக்கு. கட்டுரைத் தொகுப்பு என்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம்.

பெரிய வரலாற்று நாவலா?
2011-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 1,000 பக்கத்தைத் தாண்டும். நாலைந்து புத்தகம் முடித்த பிறகு எடுங்க.

பில் போடும் முன்...
நடுவில் ஏதாவது இரண்டு பக்கம் படிச்சுப் பாருங்க. மூன்றாவது பக்கத்துக்குக் கை தானா போனா, வாங்கிடலாம். பேப்பர்பேக் என்றால் நல்லா விரிச்சுப் பாருங்க: பசை விடுதா, எழுத்து ரொம்பப் பொடியா இருக்கா? மெட்ரோவில் நின்னுக்கிட்டே படிக்கப் போறது நீங்கதானே!